வழக்கு டெக்சாஸில், குடித்தனம் சியாட்டிலில்

கேள்வி: கணவர் எச்-1பி விசாவிலும் நான் எச்-4 விசாவிலும் டெக்சாஸ் மாநிலம் பிளானோவில் இருக்கிறோம். போன மாதம் ஒரு பெரிய கடையில், நாமே பில் போட்டுக்கொள்ளும் கவுன்ட்டரில், கைக்குழந்தை வீறிட்டு அழுத அவசரத்தில் தள்ளுவண்டியின் அடித்தட்டில் இருந்த டயாபர் பெட்டியையும் இரண்டு பால்மாவு டப்பாக்களையும் ஸ்கேன் செய்யாமல் வெளியே வந்துவிட்டேன். வாசலில் நிறுத்தினார்கள். போலீஸ் வந்தது. 146 டாலர் பொருளைத் திருடியதாக வழக்கு. ஒரு ராத்திரி காவலில் இருந்தேன். மறுநாள் மாஜிஸ்திரேட் சொன்னதில் பாதி எனக்குப் புரியவில்லை. ஜாமீன் ஏஜென்ட் மூலம் வெளியே வந்தேன். இதற்கிடையில் கணவருக்கு அவர் கம்பெனி சியாட்டில் அலுவலகத்துக்கு மாற்றல் போட்டுவிட்டது. ஆறு வாரத்தில் சேர வேண்டும். முதல் வாய்தாவும் அதே வாரம்தான். ஊரைவிட்டுப் போனால் ஓடிப்போனதாக நினைப்பார்களா? வாரண்ட் வருமா? "டிஃபர்டு அட்ஜுடிகேஷன் கேட்டு ஒரே நாளில் முடித்துவிட்டுக் கிளம்புங்கள், கேஸ் தள்ளுபடி ஆகிவிடும்" என்கிறார் கணவரின் நண்பர். தை மாதம் தென்காசியில் தங்கைக்குக் கல்யாணம். போய்வரலாமா? என்னால் இவருடைய விசாவும் கிரீன் கார்டும் போய்விடுமோ என்று தூக்கமே இல்லை. மாமியார் வீட்டில் இன்னும் யாருக்கும் தெரியாது.
— எஸ்.ஆர்., பிளானோ, டெக்சாஸ்

பதில்: எஸ்.ஆர். அவர்களுக்கு,

முதலில் தூக்கத்துக்கு வழி சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருக்கும் விவரப்படி இது ஒரேயொரு சிறு வழக்கு. குற்றத்துக்காக ஒருவரை நாடு கடத்தும் விதிகளுக்குள், இப்போதுள்ள அளவிலேயே நிற்கும்வரை, இந்த ஒரு வழக்கு வராது. உங்கள் கணவரின் எச்-1பி அவருடைய வேலையைப் பொறுத்தது. மனைவி மேல் வழக்கு என்பதற்காக அது ரத்தாகாது, அவருடைய கிரீன் கார்டு விண்ணப்பமும் விழாது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே வேறு மாநிலத்துக்குக் குடிபோகவும் முடியும். நீதிமன்றத்தில் சொல்லி, அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான். வேலை மாற்றல் இங்கே எல்லா நாளும் நடக்கிற சங்கதி என்பது நீதிபதிகளுக்கும் தெரியும்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது ஒன்றுதான், நண்பர் சொன்ன அந்த யோசனை. வீடு மாற்றும் அவசரத்தில், நல்லது என்று நம்பி, அதற்குத் தலையாட்டிவிடப் போகிறீர்களே என்றுதான் இந்தப் பதிலைச் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் வழக்கின் அளவைப் பார்ப்போம். அமெரிக்காவில் குற்றங்களை ஃபெலனி (ஓராண்டுக்கு மேல் சிறை வரக்கூடிய பெருங்குற்றம்) என்றும் மிஸ்டிமீனர் (அதற்குக் கீழ்ப்பட்ட சிறு குற்றம்) என்றும் பிரிக்கிறார்கள். டெக்சாஸில் மிஸ்டிமீனருக்குள் மூன்று படிகள் உண்டு. திருட்டு வழக்கில் பொருளின் விலைதான் படியைத் தீர்மானிக்கும். 100 டாலருக்குள் இருந்தால் கிளாஸ் சி. அதற்குச் சிறை கிடையாது, அபராதம் மட்டும், அதுவும் 500 டாலருக்கு மேல் போகாது. 100 டாலரிலிருந்து 750-க்குள் என்றால் கிளாஸ் பி, 180 நாள் வரை சிறை, 2,000 டாலர் வரை அபராதம். அதற்கு மேல் 2,500 டாலர் வரை கிளாஸ் ஏ, ஓராண்டு வரை சிறை, 4,000 டாலர் வரை அபராதம். உங்களுடையது கிளாஸ் பி. நான் சொன்னவை எல்லாம் உச்ச வரம்புகள். முன்பு எந்த வழக்கும் இல்லாத ஒரு தாயை, பால்மாவு டப்பாவுக்காக அந்த உச்சத்துக்குக் கொண்டுபோக யாரும் முனைவதில்லை.

இந்தப் படிக்கணக்கு உங்களுக்கு ஏன் முக்கியம் என்றால், குடியேற்றச் சட்டம் அதைப் பிடித்துக்கொண்டுதான் முடிவெடுக்கிறது. அந்தச் சட்டத்தில் திருட்டு என்பது ஒழுக்கக்கேடான குற்றம் (நேர்மையின்மையைக் காட்டும் குற்றம் எனத் தனியாக வகைப்படுத்தப்பட்டது). நாட்டுக்குள் அனுமதிக்கப்பட்டு ஐந்து ஆண்டுக்குள் ஒருவர் அத்தகைய ஒரு குற்றத்தைச் செய்து, அதற்கு ஓராண்டோ மேலோ சிறை விதிக்க இடமிருந்தால்தான் நாடு கடத்தும் விதி பாயும். கிளாஸ் பி-யின் உச்சம் 180 நாள், எனவே அது பாயாது. பின்னாளில் நீங்கள் புது விசாவோ கிரீன் கார்டோ கேட்கும்போதும் ஒரேயொரு சிறு குற்றத்துக்கு விலக்கு உண்டு. சட்டப்படி உச்ச தண்டனை ஓராண்டைத் தாண்டக் கூடாது, நீதிபதி விதித்தது ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது. ஆனால் இந்தக் கணக்குகள் எல்லாம் ஒரே ஒரு குற்றம் உள்ளவருக்குத்தான். இன்னொன்று சேர்ந்தால் கதை வேறு. உங்களை வாசலில் நிறுத்திய கடை, இனி உள்ளே வரக் கூடாது என்று ஒரு நோட்டீஸில் கையெழுத்து வாங்கியிருந்தால், மறந்தும் அந்தக் கடைக்குள் காலெடுத்து வைக்காதீர்கள். அத்துமீறி நுழைந்ததாகத் தனி வழக்கே போட முடியும்.

இனி, ஊர் மாறும் விஷயம். வெளியே வரும்போது கொடுத்த தாள்களை மேசையில் விரித்துப் பாருங்கள். ஒன்று, மாஜிஸ்திரேட் கையெழுத்திட்ட ஜாமீன் நிபந்தனைகள். இன்னொன்று, ஜாமீன் ஏஜென்டுடன் நீங்கள் போட்ட ஒப்பந்தம். உங்களுக்காக நீதிமன்றத்தில் பொறுப்பேற்றவர் அவர். நீங்கள் வரவில்லையென்றால் முழு ஜாமீன் தொகையும் அவர் தலையில் விழும். அதனால் அவருடைய ஒப்பந்தத்தில் பெரும்பாலும் வாரம் ஒரு முறை போன் செய்ய வேண்டும், முகவரி மாறினால் சொல்ல வேண்டும், கேட்காமல் மாநிலத்தை விட்டுப் போகக் கூடாது என்றெல்லாம் பொடி எழுத்தில் இருக்கும். பலர் நீதிமன்றத் தாளை மட்டும் படித்துவிட்டு இதைக் கோட்டை விடுகிறார்கள். நிபந்தனையை மீறியதாக அந்த ஏஜென்ட் மனுப்போட்டுப் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டால் உங்கள் மேல் புதிதாக வாரண்ட் வரும். சியாட்டிலுக்கு லாரி பேசுவதற்கு முன் அவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

நீதிமன்றத்தில் இதைச் செய்ய வேண்டியவர் உங்கள் வக்கீல். ஜாமீன் நிபந்தனையை மாற்றக் கோரி ஒரு மனு போடுவார். கணவரின் மாற்றல் உத்தரவு, சியாட்டிலில் எடுக்கப்போகும் வீட்டின் வாடகை ஒப்பந்தம், புது முகவரி, போன் எண், இவற்றை அதோடு இணைப்பார். அரசு வக்கீல் ஆட்சேபிக்கவில்லை என்றால் பல சமயம் அதிக விவாதமின்றியே அனுமதி கிடைத்துவிடும். நீதிபதி கையெழுத்திட்ட அந்த உத்தரவின் நகல் உங்கள் கையிலும் ஒன்று, போனிலும் ஒன்று இருக்கட்டும். முதல் வாய்தா மாற்றல் வாரத்திலேயே வருகிறது என்கிறீர்கள். அதைத் தள்ளிவைக்கவும் வக்கீல் கேட்கலாம். தள்ளிவைத்ததாக உத்தரவு வரும்வரை அந்தத் தேதி உயிரோடுதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் சியாட்டிலிலிருந்து பறந்து வரவேண்டுமா? சிறை தண்டனைக்கு இடமுள்ள வழக்கு என்பதால் டெக்சாஸ் சட்டப்படி விசாரணைக்கு நீங்கள் நேரில் இருக்க வேண்டும். வழக்கை முடிக்கும் நாளிலும் பொதுவாக நேரில் வரச் சொல்வார்கள். இடையில் வரும் வாய்தாக்களுக்கு உங்கள் சார்பில் வக்கீல் மட்டும் வந்தால் போதும் என்று விலக்குக் கேட்க முடியும். கொடுப்பது அந்தந்த நீதிபதியின் விருப்பம். உங்கள் வழக்கு காலின் கவுண்டியைச் சேர்ந்ததாக இருந்தால் மெக்கின்னியில் உள்ள நீதிமன்றத்தில் நடக்கும். அங்கே நாள்தோறும் ஆஜராகும் வக்கீலைப் பிடித்தால் எந்த நீதிபதி எதற்கு இணங்குவார் என்பது அவருக்கு அத்துப்படியாக இருக்கும். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்கு நீதிமன்றமே ஒருவரை நியமிக்கும். சிறு குற்றமே ஆனாலும் வக்கீல் உரிமை தராமல் ஒருவரைச் சிறைக்கு அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1972-லேயே சொல்லிவிட்டது. மாஜிஸ்திரேட் சொன்னது பாதி புரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த முறை தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று வக்கீல் மூலம் முன்கூட்டியே கேளுங்கள். அது சட்டம் தரும் உரிமை. புரியாமல் 'யெஸ்' சொல்லிவிட்டுப் பிறகு தவிப்பதைவிடக் கேட்டுவிடுவது மேல், அதில் ஒரு வெட்கமும் வேண்டாம்.

சொல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் "வேறு மாநிலத்துக்கு எல்லாம் தேடிக்கொண்டு வரமாட்டார்கள், இரண்டு வருஷத்தில் காலாவதி ஆகிவிடும்" என்று சொல்ல ஆள் இருப்பார்கள். டெக்சாஸில் இத்தகைய வழக்கைத் தொடுக்க இரண்டு ஆண்டு வரம்பு உண்டு என்பது உண்மை. ஆனால் வழக்குத் தாக்கலாகி நிலுவையில் இருக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. குற்றம் சாட்டப்பட்டவர் மாநிலத்துக்கு வெளியே இருந்த நாட்களும் சேராது. வாய்தாவுக்கு வராமல் போவதோ தனிக் குற்றம். கிளாஸ் பி வழக்கில் ஆஜராகாமல் இருந்தால் அது கிளாஸ் ஏ, அதாவது இப்போதுள்ள வழக்கைவிடப் பெரியது, ஓராண்டு வரை சிறை வரக்கூடியது. இவ்வளவு நேரம் நான் சொன்ன ஆறுதல்கள் பலவும் அதோடு ஆட்டம் கண்டுவிடும். வாரண்ட் கணினியில் இருக்கும். சியாட்டிலில் சிவப்பு விளக்கைத் தாண்டியதற்காகக் காரை நிறுத்தும் போலீஸ்காரருக்கும், விமான நிலையத்தில் பாஸ்போர்ட் பார்க்கும் அதிகாரிக்கும் அது தெரியவரலாம்.

இப்போது நண்பரின் யோசனைக்கு வருகிறேன். அவர் சொன்னதில் பொய் இல்லை. டிஃபர்டு அட்ஜுடிகேஷன் (தீர்ப்பைத் தள்ளிவைத்து நன்னடத்தைக் கண்காணிப்பில் வைத்தல்) என்றால், நீங்கள் குற்றத்தை ஒப்புக்கொள்வீர்கள், அல்லது மறுக்கவில்லை என்பீர்கள். நீதிபதி தீர்ப்புச் சொல்லாமல் சில மாதம் கண்காணிப்பில் வைப்பார். ஒழுங்காக முடித்தால் வழக்கு தள்ளுபடி. டெக்சாஸ் சட்டத்தின் கண்ணில் நீங்கள் தண்டிக்கப்பட்டவர் ஆகமாட்டீர்கள். அமெரிக்கக் குடியுரிமை உள்ள ஒருவருக்கு இது நல்ல ஏற்பாடுதான். அந்த நண்பர் தனக்குத் தெரிந்த யாருக்கோ நடந்ததை வைத்துச் சொல்லியிருக்கக்கூடும்.

உங்களுக்கு அப்படி இல்லை. 1996-ல் நாடாளுமன்றம் திருத்திய குடியேற்றச் சட்டம் எது தண்டனைத் தீர்ப்பு என்பதற்குத் தனி விளக்கம் வைத்திருக்கிறது. ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு, அல்லது மறுக்காமல் இருந்து, அதன்பேரில் நீதிபதி அவருக்கு ஏதாவது ஒரு தண்டனையோ கட்டுப்பாடோ விதித்தால் போதும், அது தண்டனைத் தீர்ப்புதான். கண்காணிப்பும் ஒரு கட்டுப்பாடு. மாநில நீதிமன்றம் பின்னர் தள்ளுபடி செய்தாலும் குடியேற்ற அதிகாரியின் கோப்பில் அது அப்படியே நிற்கும். உங்களுக்குரிய அந்த ஒரு விலக்கையும் நீங்கள் செலவழித்துவிட்டதாக ஆகும். ஒரே நாளில் முடித்துக் கிளம்பலாம் என்று போடும் கையெழுத்து இவ்வளவு தூரம் கூடவே வரும்.

இதைவிட நல்ல வழி ஒன்று பல கவுண்டிகளில் இருக்கிறது. ப்ரீட்ரையல் டைவர்ஷன் (விசாரணைக்கு முன்பே வழக்கைத் திசைதிருப்பும் திட்டம்) என்பார்கள். அரசு வக்கீல் அலுவலகத்துடன் ஒப்பந்தம் போட்டு, ஒரு வகுப்புக்குப் போய், சமூக சேவை செய்து முடித்தால் வழக்கைக் கைவிட்டுவிடுவார்கள். நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் கட்டம் வருவதில்லை. ஆனால் இதிலும் பள்ளம் உண்டு. சில இடங்களில் சேரும்போதே நடந்ததை ஒப்புக்கொண்டு எழுதித் தரச் சொல்கிறார்கள். டெக்சாஸில் அப்படிச் சேர்ந்த ஒருவரின் வழக்கில், அவர் சேரும்போதே உண்மைகளை ஒப்புக்கொண்டிருந்ததாலும், திட்டத்தில் பங்கேற்க நீதிபதி உத்தரவிட்டிருந்ததாலும், அதையும் தண்டனைத் தீர்ப்பாகத்தான் கொள்ள வேண்டும் என்று குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் 2017-ல் தீர்ப்புச் சொன்னது. ஆகவே திட்டத்தின் பெயரைக் கேட்டு நிம்மதி அடைந்துவிட முடியாது. ஒப்பந்தத்தின் வாசகத்தை, நீங்கள் கையெழுத்திடுவதற்கு முன், குடியேற்றச் சட்டம் மட்டுமே பார்க்கும் ஒரு வக்கீல் வரி வரியாகப் படிக்க வேண்டும்.

அதனால்தான் உங்களுக்கு இரண்டு வக்கீல்கள் தேவை என்கிறேன். கெட்டிக்கார கிரிமினல் வக்கீல்களுக்குக்கூடக் குடியேற்றச் சட்டம் அந்நியமாக இருக்கும். ஹோசே பாடில்லா என்பவர் 40 ஆண்டுக்கு மேல் கிரீன் கார்டில் அமெரிக்காவில் வாழ்ந்தவர், வியட்நாம் போர்க் காலத்தில் அமெரிக்கப் படையில் பணியாற்றியவர், லாரி ஓட்டுநர். ஒரு போதைப்பொருள் வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் முன் அவருடைய வக்கீல், இத்தனை வருஷம் இங்கே இருப்பதால் குடியேற்றம் பற்றிக் கவலை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஒப்புக்கொண்ட பிறகு நாடு கடத்தும் நடவடிக்கை வந்தது. 2010-ல் உச்ச நீதிமன்றம், அயல்நாட்டவருக்காக வாதாடும் வக்கீல், குற்றத்தை ஒப்புக்கொண்டால் நாடு கடத்தும் அபாயம் உண்டா என்பதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பின் பலத்தில் நீங்கள் உங்கள் வக்கீலிடம் தயங்காமல் கேட்கலாம். குடியேற்ற வக்கீலின் கருத்தை எழுத்தில் வாங்கி அவரிடம் கொடுங்கள். அது வந்து சேர நாளாகும் என்றால் ஆகட்டும். கணவர் முதலில் சியாட்டில் போய்ச் சேரட்டும், நீங்களும் குழந்தையும் ஒரு மாதம் கழித்துப் போனாலும் குறைந்துவிடாது. லாரி வரும் தேதிக்காக வழக்கை முடிக்காதீர்கள்.

அதோடு, முடிப்பதைப் பற்றியே பேசுகிறோமே, போராட இடமில்லையா என்றும் வக்கீலைக் கேளுங்கள். பொருளைத் தனதாக்கிக்கொள்ளும் நோக்கம் இருந்தால்தான் அது திருட்டு. கவனம் தப்பியது திருட்டு ஆகாது. அதை நிரூபிக்க வேண்டியது அரசு தரப்பு. மேல் தட்டில் இருந்தவற்றுக்கு எல்லாம் பணம் கட்டிய ரசீது இருக்கிறதா? குழந்தை அழுததும் நீங்கள் அதைத் தூக்கியதும் கடையின் கேமராவில் பதிவாகியிருக்கும். அந்தப் பதிவுகள் அதிக நாள் இருப்பதில்லை, மேலே புதிது பதிந்து அழிந்துவிடும். பாதுகாத்து வைக்கும்படி வக்கீல் கடைக்கு உடனே கடிதம் அனுப்பட்டும். இன்றைய தேதியில் இதுதான் எல்லாவற்றையும் விட அவசரம். 146 டாலர் என்ற தொகையையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். அன்று அந்தப் பொருள்கள் தள்ளுபடி விலையில் இருந்தனவா என்று பார்ப்பதில் தவறில்லை. 100 டாலர் கோட்டுக்குக் கீழே வந்தால் வழக்கின் முகமே மாறும். கடையின் சார்பில் நஷ்டஈடு கேட்டு ஒரு சட்ட அலுவலகத்திலிருந்து கடிதம் வரலாம். பணம் கட்டினால் போலீஸ் வழக்கு போய்விடும் என்று நினைத்துக் கட்டிவிடாதீர்கள். அது வேறு, இது வேறு. வக்கீலிடம் காட்டுங்கள்.

குடிபோகும்போது குடியேற்றத் தாள்களிலும் கவனம் வேண்டும். கணவர் அதே கம்பெனியில் இருந்தாலும் வேலையிடம் வேறு நகர்ப்பகுதிக்கு மாறுவதால், அங்கே வேலையைத் தொடங்கும் முன் எச்-1பி திருத்த விண்ணப்பம் தாக்கலாகியிருக்க வேண்டும். கம்பெனி அதைச் செய்துவிட்டதா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். அவர் தகுதி குலைந்தால் உங்கள் எச்-4-ம் குலையும். வீடு மாறிய 10 நாளுக்குள் உங்கள் ஒவ்வொருவருக்கும் ஏஆர்-11 படிவத்தில் (முகவரி மாற்றம்) புது முகவரியைத் தெரிவிக்க வேண்டும். 2025 ஜனவரியில் வந்த லேகன் ரைலி சட்டம் பற்றி வாட்ஸ்அப்பில் பயமுறுத்தும் செய்திகள் உங்களுக்கும் வந்திருக்கும். கடைத் திருட்டுக்குக் கைதானாலே காவலில் வை என்று சொல்லும் சட்டம் அது என்பது சரிதான். ஆனால் அது முறையான அனுமதியோ ஆவணமோ இல்லாதவர்களைக் குறித்து எழுதப்பட்டது. முறையான விசாவில் வந்து தகுதி குலையாமல் இருக்கும் உங்களுக்காக எழுதப்பட்டதல்ல.

நாளைக்கு வழக்கு நல்லபடி தள்ளுபடியானால், பதிவை அழிக்கும்படி டெக்சாஸ் நீதிமன்றத்தில் கேட்க முடியும். கேட்கும் முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. புகார், ஒப்பந்தம், தள்ளுபடி உத்தரவு எல்லாவற்றிலும் நீதிமன்ற முத்திரையிட்ட சான்று நகல்கள் சில செட் வாங்கி வையுங்கள். கிரீன் கார்டுக்கான ஐ-485 படிவமும் விசாவுக்கான டிஎஸ்-160 படிவமும், எப்போதாவது கைதானதுண்டா என்று கேட்கும். அழிக்கப்பட்ட பதிவாக இருந்தாலும் உண்மையைத்தான் சொல்ல வேண்டும். உங்கள் கைரேகை ஏற்கெனவே மத்திய அரசின் கணினியில் இருக்கிறது. பதிவு அழிந்த பிறகு நகல் கேட்டால் நீதிமன்றத்தில் கொடுக்க எதுவும் இருக்காது. வழக்கு எப்படி முடிந்தது என்று நிரூபிக்க முடியாமல் பத்து வருஷம் கழித்துத் திண்டாடுவீர்கள்.

தங்கையின் கல்யாணத்தைப் பற்றிச் சொல்ல எனக்கே மனம் வரவில்லை. வழக்கு முடியாமல் இந்தியாவுக்குப் போக வேண்டாம், அம்மா. மாநிலம் தாண்டவே அனுமதி வாங்க வேண்டிய நிலையில் நாடு தாண்டுவது அதைவிடப் பெரிய கேள்வி. அதுவும் தவிர, கைதான தகவலை வைத்தே தூதரகம் உங்கள் பாஸ்போர்ட்டில் உள்ள விசாவை ரத்து செய்ய முடியும். அப்படி ஒரு மின்னஞ்சல் வந்தால் அன்றைக்கே குடியேற்ற வக்கீலிடம் காட்டுங்கள். இங்கே இருக்கும்வரை பெரும்பாலும் சமாளிக்கலாம். வெளியே போய்விட்டால் சென்னையில் புதிதாக விசா கேட்டு நிற்க வேண்டும். அது எத்தனை மாதம் இழுக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. கைக்குழந்தையோடு அந்த நிலைக்கு நீங்கள் ஆளாகக் கூடாது.

மாமியார் வீட்டாருக்கு எப்போது சொல்வது என்பதை நீங்களும் கணவரும் சேர்ந்து முடிவெடுங்கள். சட்டரீதியாக நான் சொல்லக்கூடியது, வழக்கு முடியும்வரை அன்று கடையில் நடந்ததை வக்கீல்களிடமும் கணவரிடமும் தவிர வேறு யாரிடமும் விவரிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் அறவே கூடாது, தங்கைக்குக்கூட. வக்கீலிடம் பேசியதைச் சட்டம் காப்பாற்றும், மற்றவர்களிடம் எழுதியதைக் காப்பாற்றாது. கல்யாணத்துக்கு ஏன் வரவில்லை என்று கேட்பார்களே என்ற தவிப்பு உங்களுக்கு இருக்கும். ஊர் மாறுகிறோம், விசா விஷயம் முடியாமல் இந்தியா வந்தால் திரும்ப முடியாமல் போகலாம் என்று சொல்லுங்கள். அதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை. நாளைக் காலையில் கணவரைக் கூட்டிக்கொண்டு, ஜாமீன் தாள்கள் இரண்டையும் கடை ரசீதையும் எடுத்துக்கொண்டு, முதலில் கிரிமினல் வக்கீலைப் போய்ப் பாருங்கள்.